2147483647: முப்பத்தொரு ஒன்றுகளால் ஆன பகா எண்

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 என்னும் எண்ணை இரு சாரார் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்வார்கள். எண் கோட்பாடு பயின்றவர்களுக்கு அது, 1772ஆம் ஆண்டில் கணித அறிஞர் லெயோனார்டு ஆய்லர் பகா எண் என்று நிறுவிக் காட்டிய எண். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மனிதருக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண்ணாக அதுவே இருந்தது. நிரல் எழுதுபவர்களுக்கோ அது, 32 பிட் (0 அல்லது 1 என்னும் இலக்கங்கள் 32 கொண்ட) இடத்தில் குறியோடு சேமிக்கப்படும் முழு எண்களின் உச்சவரம்பு. அதைத் தாண்டி ஒன்றே ஒன்றைக் கூட்டினாலும் கணக்கு தலைகீழாகிவிடும். இந்த இரண்டு சிறப்புகளும் ஒன்றையொன்று சார்ந்தவையா, அல்லது ஒரே எண்ணில் தற்செயலாக வந்து சேர்ந்தவையா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பெரும்பாலும் தற்செயல்தான் என்பது என் விடை. ஆனால் ஓரிடத்தில் மட்டும் இரண்டும் சேர்ந்தே தேவைப்படுகின்றன. அந்த இடத்துக்குப் போகுமுன் எண்ணின் அமைப்பைப் பார்த்துவிட வேண்டும்.

31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் 2147483648 வரும். அதில் ஒன்றைக் கழித்தால் நம் எண் கிடைக்கிறது. ஆகவே அதை 2³¹ − 1 என்று எழுதலாம். பத்தின் அடுக்குகளுக்குப் பதிலாக இரண்டின் அடுக்குகளைக் கொண்டு எழுதும் இரும முறையில் இந்த எண்ணுக்கு முப்பத்தொரு இலக்கங்கள் உண்டு, அவை அனைத்தும் ஒன்றே. 999 என்பது பத்தடிமான முறையில் எப்படி அடுத்த படிக்கு ஒன்று குறைவாக நிற்கிறதோ, அப்படியே இது இரும முறையில் நிற்கிறது.

ஒன்றுகளால் மட்டும் ஆன இப்படிப்பட்ட எண் பகா எண்ணாக வேண்டுமானால், அதிலுள்ள ஒன்றுகளின் எண்ணிக்கையே முதலில் பகா எண்ணாக இருந்தாக வேண்டும். ஆறு ஒன்றுகளை எடுத்துக்கொள்வோம்: இருமத்தில் 111111, பத்தடிமானத்தில் 63. அதை மூன்று மூன்றாகப் பிரித்தால் 111, 111 என்று இரண்டு கூறுகள் கிடைக்கின்றன. அதாவது 111111 என்பது 111ஐ 1001ஆல் பெருக்கி வருவது. பத்தடிமானத்தில் சொன்னால் 7 × 9 = 63. எண்ணிக்கையைச் சம கூறுகளாகப் பிரிக்க முடியும் என்றால் எண்ணையும் பிரித்துவிடலாம். 31ஐ அப்படிப் பிரிக்க முடியாது என்பதால் இந்த வழி அடைபடுகிறது. ஆனால் இந்த வழி அடைபட்டதாலேயே எண் பகா எண்ணாகிவிடாது. 11 பகா எண்தான்; ஆயினும் 2¹¹ − 1 = 2047 என்பது 23 × 89 ஆகப் பிரிகிறது. 31 ஒன்றுகள் கொண்ட எண் எந்தப் பக்கம் விழும் என்பதை வேறு வழியில்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

தீர்மானிக்க நெடுங்காலம் பிடித்தது. இத்தாலியக் கணித அறிஞர் பியெத்ரோ கத்தால்தி 2¹⁹ − 1, அதாவது 524287, பகா எண் என்று நிறுவி 1603இல் வெளியிட்டார். அதன் வர்க்கமூலம் 724க்குச் சற்று அதிகம். எனவே 724க்கு உட்பட்ட பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்தார், எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. அத்துடன் நிறுத்தாமல் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளுக்கும் பகா எண்கள் கிடைக்கும் என்று கூறிவிட்டார். அவற்றில் மூன்று தவறாகப் போயின. 2²³ − 1ஐ 47 வகுக்கும் என்றும், 2³⁷ − 1ஐ 223 வகுக்கும் என்றும் 1640இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா கண்டார். 2²⁹ − 1ஐ 233 வகுக்கும் என்று பின்னர் ஆய்லர் காட்டினார். எஞ்சியது 31 மட்டும். பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் 1644இல் வெளியிட்ட பட்டியலிலும் 31 இடம்பெற்றது. இந்த வகை எண்களுக்கு அவர் பெயரே இன்று நிலைத்துவிட்டது. ஆனால் அந்தப் பட்டியலில் 67, 257 என்ற இரண்டு தவறான அடுக்குகள் இருந்தன, 61, 89, 107 ஆகியவை விடுபட்டிருந்தன. ஆகவே 31ஐப் பொறுத்தவரை மெர்சென் சொன்னது சரியாக இருந்தாலும், அதை அறிவு என்று சொல்வதைவிடத் துணிந்த ஊகம் என்று சொல்வதே பொருந்தும்.

கத்தால்தியின் வழியிலேயே 31ஐயும் சோதிக்கலாமே என்றால், தடை எண்ணின் பருமனில் இருக்கிறது. 2147483647இன் வர்க்கமூலம் 46340க்கும் 46341க்கும் இடையில் விழுகிறது. அதற்குட்பட்ட பகா எண்கள் ஏறக்குறைய 4,800. பத்து இலக்க எண் ஒன்றை அத்தனை எண்களாலும் ஒவ்வொன்றாக, தாளும் இறகுப் பேனாவும் கொண்டு வகுப்பது ஒரு மனிதரின் பொறுமைக்குள் அடங்கும் வேலை அன்று.

ஆய்லரின் பெருமை இங்கேதான் இருக்கிறது. வகுத்துப் பார்க்கத் தொடங்குமுன், இந்த எண்ணை வகுக்கும் தகுதி எந்தெந்த எண்களுக்கு உண்டு என்று அவர் கேட்டார். ஏதோ ஒரு பகா எண் 2³¹ − 1ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 'வ' என்போம். அப்படியானால் 2இன் 31ஆம் அடுக்கை 'வ'ஆல் வகுக்கும்போது மீதி 1. 31 பகா எண் என்பதால், 31க்குக் குறைந்த எந்த அடுக்கிலும் இந்த மீதி 1 ஆக முடியாது. மறுபுறம், ஃபெர்மாவின் தேற்றப்படி 2இன் (வ − 1)ஆம் அடுக்கும் மீதி 1 தந்தே ஆக வேண்டும். இரண்டும் ஒத்துப்போக வேண்டுமென்றால் வ − 1 என்பது 31இன் மடங்காக இருக்க வேண்டும். 'வ' ஒற்றைப்படை என்பதால் 62இன் மடங்காகவே இருக்க வேண்டும். ஆக, 62இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்களைத் தவிர மற்றவை அனைத்தும் ஒரே வீச்சில் போட்டியிலிருந்து விலகிவிடுகின்றன.

இரண்டாவது சல்லடை இன்னும் நுட்பமானது. 2இன் 31ஆம் அடுக்கு மீதி 1 தருகிறது என்றால், 32ஆம் அடுக்கு மீதி 2 தர வேண்டும். 32ஆம் அடுக்கு என்பது 16ஆம் அடுக்கின் வர்க்கம். அதாவது, ஏதோ ஒரு வர்க்க எண்ணை 'வ'ஆல் வகுத்தால் மீதி 2 கிடைக்கிறது. இது எல்லாப் பகா எண்களுக்கும் வாய்ப்பதில்லை. 8ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 தரும் ஒற்றைப்படைப் பகா எண்களுக்கு மட்டுமே வாய்க்கும். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துப் பார்த்தால், 'வ' என்பதை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்க முடியும்.

46340க்குள் இந்த இரு வரிசைகளிலும் சேர்த்து 63ஐ விட்டுவிட்டால் மொத்தம் 372 எண்களே உள்ளன. அவற்றிலும் பகு எண்களைத் தள்ளிவிட்டால் ஏறத்தாழ எண்பதுதான் மிஞ்சும். தொடக்கத்தில் வரும் பத்து எண்களைப் பாருங்கள்: 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303. இவற்றில் 249ஐ 3 வகுக்கும், 497ஐ 7 வகுக்கும், 559ஐ 13 வகுக்கும், 1241ஐ 17 வகுக்கும். மற்றவையும் இப்படியே உதிர, 311, 1303 இரண்டு மட்டுமே பகா எண்களாக நிற்கின்றன.

311ஐ நாமே சோதித்துவிடலாம். பத்து இலக்க எண்ணைத் தொடவே தேவையில்லை. 2இன் 8ஆம் அடுக்கு 256. அது 311க்கு 55 குறைவு, ஆகவே −55 என்று கொள்ளலாம். அதை வர்க்கப்படுத்தினால் 3025. 311ஆல் வகுத்தால் மீதி 226, அதாவது −85. இது 16ஆம் அடுக்கு. 16ஆம் அடுக்கையும் 8ஆம் அடுக்கையும் பெருக்கினால் 24ஆம் அடுக்கு: 85 × 55 = 4675, அதை 311ஆல் வகுத்தால் மீதி வெறும் 10. இன்னும் ஏழு படி ஏற, 10ஐ 128ஆல் பெருக்குகிறோம்: 1280, மீதி 36. ஆக 2³¹ தரும் மீதி 36, அதில் ஒன்று குறைத்தால் 35. மீதி இருக்கிறது, 311 தோற்றுவிட்டது. இதே முறையில் 1303க்கு மீதி 226 வரும். நான்கைந்து வரிகளில் முடியும் இந்தக் கணக்கை எண்பது முறை செய்தால் போதும் என்ற நிலைக்கு அந்தப் பெரிய எண் வந்துவிட்டது. ஒரு மாலைப்பொழுதில் ஒரு மாணவரே இதைச் செய்து முடிக்கலாம். செய்து பார்க்குமாறு உண்மையாகவே பரிந்துரைக்கிறேன், ஏனெனில் ஒரு நிறுவலின் அருமை அதைக் கையால் நடத்திப் பார்க்கும்போதுதான் விளங்குகிறது.

ஆய்லர் இம்முடிவைக் கணித அறிஞர் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தார். அப்போது அவர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்தார். பார்வையை ஏறத்தாழ முற்றிலும் இழந்திருந்தார். கணக்குகளை மனத்திலேயே நடத்திப் பிறரை எழுதச் செய்த காலம் அது.

பகா எண் என்று உறுதியானதும் இன்னோர் எண்ணும் உடன் கிடைத்தது. தன்னைத் தவிர்த்த எல்லா வகுஎண்களின் கூட்டுத்தொகையும் தனக்கே சமமாக உள்ள எண் நிறைவெண் எனப்படும். 6க்கு 1 + 2 + 3 போல. 2³¹ − 1 பகா எண்ணானால் அதை 2³⁰ஆல் பெருக்கி வருவது நிறைவெண்ணாகும் என்பது யூக்ளிட் காலத்திலிருந்தே தெரிந்த விதி. அப்படிக் கிடைப்பது 2305843008139952128, எட்டாவது நிறைவெண். ஆங்கிலேயக் கணித ஆசிரியர் பீட்டர் பார்லோ, 1811இல் இந்த நிறைவெண்ணைப் பற்றி எழுதும்போது, இனி இதைவிடப் பெரியது கண்டறியப்படப் போவதில்லை, ஏனெனில் இத்தகைய எண்கள் பயனற்ற விந்தைகளே, யாரும் முயலமாட்டார்கள் என்ற பொருள்பட எழுதினார். மனிதரின் ஆர்வத்தை அவர் குறைத்து மதிப்பிட்டுவிட்டார். 1876இல் எதுவார் லூக்கா 39 இலக்கம் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். அவர் வகுத்த முறையை 1930இல் டெரிக் லெமர் செம்மைப்படுத்தினார். 4இல் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்து மீதி எடுத்துக்கொண்டே செல்ல வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளின் முடிவில் மீதி சுழியமானால் அது பகா எண். 31 என்ற சிறிய எண்ணுக்கு, அதாவது 2⁵ − 1க்கு: 4, 14, பின்பு 194இன் மீதி 8, பின்பு 62இன் மீதி 0. மூன்றே படிகள். ஆய்லரின் எண்ணுக்கு இருபத்தொன்பது படிகள் போதும். 2024இல் அறிவிக்கப்பட்ட, நான்கு கோடியே பத்து லட்சம் இலக்கங்களுக்கு மேற்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற பகா எண்ணை இறுதியாக உறுதிசெய்தவற்றிலும் இந்தச் சோதனை உண்டு.

இனிக் கணினியின் பக்கம் வருவோம். 32 பிட் இடத்தில் ஒரு முழு எண்ணைக் குறியோடு சேமிக்கும்போது, முதல் பிட் குறிக்கு ஒதுக்கப்படுகிறது. மீதமுள்ள 31 பிட்டுகளும் ஒன்றாக நிற்கும்போது கிடைக்கும் மதிப்பே 2147483647. அதனுடன் ஒன்றைக் கூட்டினால் முப்பத்தொரு ஒன்றுகளும் சுழியங்களாகி, கைமாறிய ஒன்று குறி இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. பெரும்பாலான கணினிகள் அதை −2147483648 என்று வாசிக்கும்.

இதன் விளைவுகள் நடைமுறையில் வெளிப்பட்டுள்ளன. யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் வழிவந்த அமைப்புகள், கிரீன்விச் நேரப்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து கழிந்த நொடிகளைக் கொண்டு நேரத்தைக் கணக்கிடுகின்றன. 2147483647 நொடிகள் என்பது 24,855 நாள், 3 மணி, 14 நிமிடம், 7 நொடி. ஆகவே 32 பிட்டில் குறியோடு நேரம் வைத்திருக்கும் எந்தக் கருவியிலும் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்குப் பிறகு கணக்கு எதிர்மறைக்குப் புரண்டு, 1901 டிசம்பரைக் காட்டும். புதிய அமைப்புகள் 64 பிட்டுக்கு மாறிவிட்டன என்றாலும், சுவருக்குள்ளும் இயந்திரங்களுக்குள்ளும் பொருத்தப்பட்டு மறக்கப்பட்ட சிறு கருவிகளைப் பற்றிய கவலை நியாயமானதே. யூடியூபில் ஒரு தென்கொரியப் பாடலின் பார்வை எண்ணிக்கை 2014 டிசம்பரில் இந்த வரம்பை எட்டியபோது, அந்த எண்ணிக்கையைப் பதியும் எண்ணி 64 பிட்டுக்கு மாற்றப்பட்டதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், போயிங் 787 விமானங்களின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டு அலகுகள் 248 நாட்கள் இடைவிடாமல் மின்னூட்டத்தில் இருந்தால் செயலிழக்கக்கூடும் என எச்சரித்தது. உள்ளே ஓடும் எண்ணி நிரம்பி வழிவதே காரணம். 2147483647ஐ நொடியின் நூறில் ஒரு பங்குகளாகக் கொண்டால் 248 நாட்களும் பதின்மூன்று மணி நேரமும் வரும் என்பது கவனிக்கத்தக்கது. ஆய்லரின் 248க்கும் இந்த 248க்கும் உறவு எதுவும் இல்லை; அது 8 × 31, இது ஒரு நாளில் 86,400 நொடிகள் என்பதால் நேர்ந்தது.

இந்த வரம்புக்கும் பகா எண் தன்மைக்கும் தொடர்பு உண்டா? பிற அளவுகளோடு ஒப்பிட்டால் விடை தெளிவாகிவிடும். 8 பிட்டின் உச்சம் 127, பகா எண். 16 பிட்டின் உச்சம் 32767. அது 7 × 31 × 151. 64 பிட்டின் உச்சம் 9223372036854775807; அதில் 63 ஒன்றுகள் இருப்பதால், முன்னர் கண்டபடி மூன்று மூன்றாகப் பிரித்தாலே 7 வகுத்துவிடும். அந்தக் கணினிகள் பகு எண்ணை வரம்பாகக் கொண்டு எந்தக் குறையுமின்றி ஓடுகின்றன. கணினி வடிவமைப்பவர்கள் 32ஐத் தேர்ந்தது அது இரண்டின் அடுக்கு என்பதற்காக. 31 பகா எண்ணாக அமைந்ததும், அதன்மேல் 2³¹ − 1உம் பகா எண்ணாக அமைந்ததும் அவர்கள் தேடியவை அல்ல.

ஆயினும், கிடைத்த இந்த ஒற்றுமையை நன்கு பயன்படுத்திக்கொண்ட ஒரு துறை உண்டு: எந்த ஒழுங்கும் தெரியாமல் வரும் சமவாய்ப்பு எண்களை உருவாக்குதல். 1949இல் லெமர், மேலே குறிப்பிட்ட அதே லெமர்தான், எளிய முறை ஒன்றை முன்வைத்தார். ஓர் எண்ணை எடுத்து, நிலையான ஒரு பெருக்கியால் பெருக்கி, நிலையான ஒரு வகுஎண்ணால் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாகக் கொள்ள வேண்டும். வகுஎண் 7, பெருக்கி 3 என்றால் வரிசை 1, 3, 2, 6, 4, 5 என்று சுழியம் தவிர்த்த எல்லா மீதிகளையும் தொட்டுவிட்டே 1க்குத் திரும்பும். பெருக்கி 2 என்றால் 1, 2, 4 என்று பாதியிலேயே திரும்பிவிடும். வகுஎண் பகா எண்ணாக இருந்தால், அப்படி எல்லா மீதிகளையும் ஒருமுறை தொட்டுவரும் பெருக்கி கட்டாயம் உண்டு. 2147483647க்கு அப்படிப்பட்ட மிகச் சிறிய பெருக்கி 7. ஆனால் 7ஆல் பெருக்கினால் அடுத்தடுத்த எண்கள் ஒன்றையொன்று ஒட்டியே வளரும். ஆகவே அதன் ஐந்தாம் அடுக்கான 16807 எடுத்துக்கொள்ளப்பட்டது. 2147483646இன் பகாக் காரணிகள் 2, 3, 7, 11, 31, 151, 331. இவற்றில் 5 இல்லாததால், 7க்கு உள்ள தகுதி அதன் ஐந்தாம் அடுக்குக்கும் குறையாமல் வந்துவிடுகிறது. 1969இல் ஐபிஎம் கணினிகளில் இந்தப் பெருக்கி பயன்படுத்தப்பட்டது. 1988இல் பார்க், மில்லர் என்ற இருவர் இதையே குறைந்தபட்சத் தரமாக முன்மொழிந்தனர். சி++ நிரல்மொழியின் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. மறையாக்கத்துக்கு இது உதவாது. அடுத்த எண்ணை யார் வேண்டுமானாலும் கணித்துவிடலாம்.

பகா எண் தன்மை இங்கே வரிசையின் நீளத்தைக் காக்கிறது என்றால், ஒன்றுகளால் ஆன அமைப்பு வகுத்தலின் சுமையைக் குறைக்கிறது. ஓர் எண்ணை 9ஆல் வகுத்த மீதியைக் காண அதன் இலக்கங்களைக் கூட்டினால் போதும் என்பதைப் பள்ளியில் படித்திருப்போம். 9 என்பது 10க்கு ஒன்று குறைவு என்பதே அதன் காரணம். அதே விதி இங்கும் செல்லும். 1இல் தொடங்கினால் வரிசையில் 16807, 282475249 என்று வரும். அடுத்ததற்கு 282475249ஐ 16807ஆல் பெருக்கினால் 4747561509943. இதன் கடைசி 31 பிட்டுகளை மட்டும் எடுத்தால் 1622647863. மேலே மிஞ்சும் பகுதி 2210. இரண்டையும் கூட்டினால் 1622650073. அதுவே மீதி, வகுத்தல் நடக்கவே இல்லை. வெட்டுவதும் கூட்டுவதும் கணினிக்கு மிக எளிய வேலைகள். இந்த மீதிகள் அனைத்தும் 32 பிட் மாறிக்குள் ஒரு மதிப்புகூட வழியாமல் அடங்குகின்றன. கணினியின் வரம்பும் ஆய்லரின் பகா எண்ணும் ஒன்றாக இருப்பதால் பயன் விளையும் இடம் இதுதான்.

இந்த எண்ணையே அடுக்காக வைத்தால் என்ன ஆகும் என்றும் கேட்டிருக்கிறார்கள். 3, 7, 31, 127 ஆகிய எண்கள் மெர்சென் பகா எண்கள். அவற்றை அடுக்காகக் கொண்ட 2³ − 1, 2⁷ − 1, 2³¹ − 1, 2¹²⁷ − 1 ஆகியவையும் பகா எண்களே. இந்த அழகு தொடருமானால், 2இன் 2147483647ஆம் அடுக்கில் ஒன்று குறைத்து வரும் எண்ணும் பகா எண்ணாக வேண்டும். அதை எழுதினால் 64 கோடியே 64 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் வரும். அது பகா எண் அன்று. அதை வகுக்கும் எண் 295257526626031, பதினைந்தே இலக்கங்கள். அந்த வகுஎண்ணைத் தேடிப் பிடித்ததும் ஆய்லர் பயன்படுத்திய அதே சல்லடையால்தான்: வகுஎண்ணில் ஒன்றைக் கழித்தால் அடுக்கின் இரட்டை மடங்காக இருக்க வேண்டும் என்ற விதி. 2147483647இன் இருமடங்கை 68,745ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டிப் பாருங்கள். அந்த எண் வந்து நிற்கும். 8ஆல் வகுத்தால் அதன் மீதி 7.